வரிசையில் ஏழாவது

மேக்கன், ஜார்ஜியா
8 ஜனவரி 1995

அன்புத் தங்கை க்ளாடெட்டுக்கு, அக்கா ஓசெல்லா எழுதுவது.

கர்த்தர் கிருபையில் நானும் ஹெரால்டும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்கும் ஐம்பது வயதாகிவிட்டது. மகள் ரெனீட்டா விடுமுறை முடிந்து காலேஜுக்குப் போய்விட்டாள். வீட்டில் இருந்த கேக் முழுவதும் அவளோடு போய்விட்டது. உன் வீட்டுக்காரர் ரேமண்ட் எப்படி இருக்கிறார்? டக்கோமாவில் இன்னும் மழைதானா?

கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய சால்வை வந்ததா? வருஷா வருஷம் உன் காலேஜ் சகோதரிகள் சங்கத்து நிறத்தில், அந்தக் கத்தரிப்பூ நிறத்தில்தான் தேடிப் பிடித்து அனுப்புகிறேன். ஒரு போட்டோவில்கூட நீ அதைப் போர்த்தி நான் பார்த்ததில்லை. உனக்கு அடக்கம் ஜாஸ்தி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்காதே. நானும் உன் சங்கத்தில் சேரப்போகிறேன். காலேஜ் நாட்களில் சேராதவர்களுக்கு அவ்வளவுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பட்டம் வாங்கிய கறுப்பினப் பெண் எந்த வயதிலும் ஊர்க் கிளையில் சேரலாமாம். பத்தொன்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி, சாயங்கால வகுப்பில் படித்து, நாற்பத்தெட்டு வயதில் டீச்சரம்மா ஆனேனே, என்னிடமும்தான் பட்டம் இருக்கிறது!

நேற்று சேர விரும்புகிறவர்களுக்கு ஒரு டீ விருந்து. மரியாதையாக இருக்கட்டும் என்று கத்தரிப்பூ நிறத் தொப்பி போட்டுக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் இருபது பெண்களும் கோப்பையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கிளைத் தலைவி திருமதி கெயின்ஸ் என் கையைப் பிடித்து, கோட்டு மாட்டும் அறைக்குக் கூட்டிப்போனார்.

"ஏம்மா, நீ எங்க ஆளா?"

"இன்னும் இல்லீங்க. ஆகலாம்னுதான் வந்தேன்."

"அப்ப தொப்பியக் கழட்டு. இந்த நிறத்தக் கடையில வாங்கிப் போட்டா ஆச்சா? உள்ள வந்தப்புறம்தான் போடணும். சேராதவ சேந்தவ மாதிரி நடந்துக்கறத விடப் பெரிய குத்தம் எங்ககிட்ட கிடையாது."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். "மன்னிச்சிருங்க. என் தங்கச்சி எழுபத்துநாலுலயே சேந்தவ. அவ மேல இருக்கற பெருமையில போட்டுட்டேன்" என்றேன். அவர் முகம் இளகிவிட்டது. "அப்ப பாதி நம்ம வீட்டு ஆளு" என்றார். உன் பேரைச் சொன்னதும் கிடைத்த மரியாதையைப் பார்த்தாயா?

சங்கத்துப் பெண்கள் இருவர் எனக்காகக் கடிதம் கொடுக்க வேண்டும். முதல் கடிதம் உன்னுடையது. வேறு யாரிடம் கேட்பேன்? உடனே அனுப்பு. போனில் கேட்டால் நீ மழையைப் பற்றித்தான் பேசுவாய்.

உன் பதிலுக்காகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடும்,
ஓசெல்லா


டக்கோமா, வாஷிங்டன்
19 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், இரத்தப் பரிசோதனை எல்லாம் என் தலையில்.

நீ சேரப்போவது சந்தோஷம். உனக்கு அது பொருத்தம்தான். என் கடிதம் மட்டும் செல்லாது, அக்கா. இங்கே உள்ள கிளையோடு எனக்குத் தொடர்பு இல்லை. தொடர்பில் இருப்பவர்கள் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர்ப் பெண்களையே கேள். உன்னைத் தெரியாதவர்கள் மேக்கனில் யார்?

என்னைப் பற்றி அங்கே அதிகம் பேசாதே. உன் தகுதியிலேயே நீ சேரலாம்.

மழை நிற்கவில்லை.

அன்புடன்,
க்ளாடெட்


மேக்கன்
3 மார்ச் 1995

அன்புத் தங்கைக்கு ஆயிரம் முத்தம்.

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. செர்ரி மரங்கள் மொட்டு விட்டிருக்கின்றன. ஹெரால்ட் வழக்கம்போலத் தும்மிக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதம் கிடைக்காதது வருத்தம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கேள். திருமதி கெயின்ஸே எனக்காக எழுதிக் கொடுத்துவிட்டார்! அவர் பையன் ஏழு வருஷம் என் பஸ்ஸில் வந்தவன். "மழையில ஒரு நாள்கூட எம்புள்ளய நனையவிடாதவ நீ, உனக்கு எழுதாம யாருக்கு எழுதுவேன்?" என்றார். இன்னொரு கடிதம் தபால் ஆபீஸ் லூசில் கொடுத்தாள். இத்தனை நாள் அவளிடம் ஸ்டாம்பு வாங்கினேன், அவளும் சங்கத்துக்காரி என்று தெரியாது.

இந்த வயதில் எதற்கு என்று ரெனீட்டா கேட்டாள். அவளிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். எனக்குப் பட்டம் கொடுத்த நாளில், பேர் கூப்பிட்டதும் சில பெண்களுக்கு மட்டும் கூட்டத்தில் அங்கங்கே இருந்து சங்கத்துச் சகோதரிகள் எழுந்து குரல் கொடுத்தார்கள். எனக்கு ஹெரால்ட் ஒருவர் கைதட்டினார், அதுவும் தும்மலுக்கு நடுவில். எனக்கும் அப்படி நாலு பேர் எழுந்திருக்க வேண்டும், நானும் நாலு பேருக்காக எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்டி ஆசை.

சேருகிறவர்களை உயரப்படி வரிசையில் நிறுத்தி எண் கொடுப்பார்களாம், குட்டையானவள் ஒன்று. அந்த எண் சாகும்வரை கூடவே வருமாம். உன் எண் என்ன? இத்தனை வருஷம் கேட்கத் தோன்றவில்லை பார்.

ஆசைக்கு வயது பார்க்காத உன் அக்கா,
ஓசெல்லா


டக்கோமா
26 மார்ச் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ரேமண்ட் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்டிருக்கிறார். அத்தானை மரத்தடியில் நிற்க வேண்டாம் என்று சொல்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உனக்குப் பட்டம் கொடுத்த அன்று நான் வந்து கத்தியிருக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

ஏழு.

க்ளாடெட்


மேக்கன்
14 மே 1995

என் தங்கமே க்ளாடெட்டுக்கு,

சுகம், சுகம், பரம சுகம்! சேர்த்துக்கொண்டார்கள்! மொத்தம் ஒன்பது பேர். எனக்கு எட்டாம் எண். நம் வீட்டு உயரம் எங்கே போகும்?

வாரம் மூன்று நாள் திருமதி கெயின்ஸ் வீட்டில் கூடுகிறோம். சங்கத்து வரலாறு, கிரேக்க எழுத்து எல்லாம் மனப்பாடம். என் வரிசையில் இருக்கும் வக்கீல் பெண்ணுக்கு இருபத்தேழு வயது. என் முழங்காலுக்காக ஒவ்வொரு தடவையும் காரில் வந்து என்னைக் கூட்டிப்போகிறாள். பஸ் ஓட்டினவளை உட்காரவைத்து ஒருத்தி ஓட்டுகிறாள்! லூசில் அன்று ஏதோ மூலிகைத் தைலம் கொண்டுவந்து என் காலில் தேய்த்துவிட்டுப் போனாள். நேற்று வரைக்கும் யாரோ எவரோ.

இதைக் கேள். பெர்னடீன் என்று ஒரு பல் டாக்டர் சவானாவிலிருந்து இங்கே குடிவந்திருக்கிறாள். உன் காலேஜ், உன் வருஷம், உன் வரிசை! "என் தங்கச்சி உங்களோட சேந்தவதான், க்ளாடெட். ஏழாம் நம்பர்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "நல்ல உயரமா இருப்பாளே, அவளா?" என்றாள். "அவளேதான்" என்றேன். "நல்லா இருக்காளா?" என்று கேட்டாள். கண் கலங்கின மாதிரி இருந்தது.

ஜூன் 17, சனிக்கிழமை, எங்களுக்குப் பேட்ஜ் குத்துகிற நாள். குடும்பத்தில் சங்கத்துக்காரி இருந்தால் அவள் கையாலேயே குத்தலாம். படிவத்தில் உன் பேரை எழுதிக் கொடுத்துவிட்டேன். ரேமண்டையும் கூட்டிக்கொண்டு வா. சாக்குச் சொன்னால் பேச மாட்டேன்.

எட்டாம் எண்,
ஓசெல்லா


டக்கோமா
8 ஜூன் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று தெரியும், உன் எழுத்திலேயே தெரிகிறது.

ரேமண்டுக்கு அந்த வாரம் காலில் ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். வர முடியாது. திருமதி கெயின்ஸ் கையால் குத்திக்கொள். அதுதான் முறை.

உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. இது மட்டும் சத்தியம்.

பெர்னடீன் வேறு ஏதாவது சொன்னாளா?

க்ளாடெட்


மேக்கன்
20 ஜூன் 1995

தங்கை க்ளாடெட்டுக்கு,

எல்லோரும் சுகம். ரேமண்டின் கால் சீக்கிரம் சரியாக ஜெபிக்கிறேன்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது பேரும் வெள்ளை உடையில் நின்றோம். என் முறை வந்ததும் திருமதி கெயின்ஸ், "இவங்களுக்கு யார் குத்தறாங்க?" என்று கேட்டார். யாரும் எழவில்லை. "இன்னிக்கு வேண்டாங்க, என் தங்கச்சி வந்து குத்துவா" என்று சொல்லிப் பேட்ஜைப் பெட்டியோடு கையில் வாங்கிக்கொண்டேன். அதற்கே கூடத்தில் இருந்த சகோதரிகள் அத்தனை பேரும் எழுந்து குரல் கொடுத்தார்கள். ஹெரால்ட் தும்ம மறந்துபோனார். நான் அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

மறுநாள் ஆராதனை முடிந்து பெர்னடீன் வீட்டுக்கு வந்தாள். ஒரு போட்டோ கொண்டுவந்தாள். எழுபத்துநாலு நவம்பர், உங்கள் வரிசை. கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள். மூன்று தடவை எண்ணினேன். ஆறு பேர். கடைசிப் பெண்ணின் வலது கை மட்டும் யாரையோ பிடித்திருப்பதுபோல நீட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கிற இடம் காலி.

பெர்னடீன், "இத அவளே சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. பேட்ஜ் பெட்டியிலேயே இருக்கிறது. நீ எழுது.

அக்கா


டக்கோமா
10 செப்டம்பர் 1995

அக்கா,

நலமா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மூன்று மாதமாகத் தினமும் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

நான் சங்கத்தில் சேரவில்லை. ஒரு நாளும் சேர்ந்ததில்லை.

1974 நவம்பரில் வரிசையில் ஏழு பேர் இருந்தோம், நான் ஏழு. இன்னும் மூன்று நாளில் எங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அன்று காலை உன் பக்கத்து வீட்டுக்காரம்மா விடுதிக்குப் போன் பண்ணினார். உனக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது, அத்தான் லாரியோடு ஒஹாயோவில் மாட்டிக்கொண்டார், ஆஸ்பத்திரியில் நீ தனியாக இருக்கிறாய். எங்களைப் பழக்கிய பெண்ணிடம் போய்ச் சொன்னேன். "இப்பப் போனா இந்த வரிசையோட சேர முடியாது, தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றேன். பஸ் ஏறிவிட்டேன்.

பதினாறு நாள் உன்னோடு இருந்தேன். ரெனீட்டா கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவு கிடந்தாள். நீ யாரோடும் பேசவில்லை, சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் திடீரென்று என் பக்கம் திரும்பி, "உன் சங்கத்துச் சேர்க்கை என்னடி ஆச்சு? சேத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டாய். எந்த நாள் சேர்ப்பார்கள் என்று உனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் "என்னால போச்சே" என்று இன்னும் உடைந்துபோவாய் என்று பயந்தேன்.

"ஆச்சு அக்கா" என்றேன்.

குழந்தை பிறந்த பிறகு அன்றுதான் நீ சிரித்தாய். நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னாய். ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். ஒரு வார்த்தைதானே, அடுத்த வருஷம் சேர்ந்து உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பட்டம் முடிந்தது. நீ போதகரிடம் சொல்லி, சபை முழுக்கச் சொல்லி, முதல் சால்வையும் அனுப்பிவிட்டாய். மேக்கனில் யாரிடம் போய் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பேன்? ரேமண்டுக்கு இங்கே ராணுவ முகாமில் வேலை வந்தபோது, அப்பாடா என்று கிளம்பினேன்.

இங்கும் கிளை இருக்கிறது. கடையில் அந்த நிறத்தைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். உன் இருபத்தொரு சால்வையும் பெட்டியில் மடித்தபடியே இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் போட்டதில்லை. அந்த மரியாதையையாவது காப்பாற்றினேன்.

ரேமண்டுக்கு ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை.

நீ இனிமேல் என்னை நினைத்துப் பெருமைப்பட மாட்டாய் என்பதுதான் என் பயமெல்லாம்.

க்ளாடெட்


மேக்கன்
15 செப்டம்பர் 1995

அடியே க்ளாடெட்,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்து முடிப்பதற்குள் அடுப்பில் கீரை தீய்ந்துபோனது, அதுவும் உன் கணக்கில்தான்.

முதலில் திட்டை வாங்கிக்கொள். இருபத்தொரு வருஷம்! எனக்கு மனசு உடையும் என்று நீயாகவே முடிவு பண்ணினாயா? பத்தொன்பது வருஷம் எழுபது பிள்ளைகளின் கூச்சலைத் தாங்கினவளடி நான். ரேமண்டின் இல்லாத ஆபரேஷனுக்காக வாரா வாரம் ஜெபித்தேனே, அந்த ஜெபமெல்லாம் யார் காலுக்குப் போயிற்று?

திட்டு முடிந்தது. இப்போது கேள்.

"என்னால போச்சே" என்று நான் அழமாட்டேன். ரெனீட்டா போன வாரம் வந்திருந்தாள். உன் உயரம், கதவில் தலை இடிக்கிறது. உன் கடிதத்தை நேற்று ராத்திரியே அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "சித்தி எனக்காகவா பஸ் ஏறினாங்க?" என்று கேட்டுவிட்டு, உன் விலாசத்தை எழுதிக்கொண்டாள். நீ பஸ் ஏறிய அந்தக் காலையைத்தான் நான் பெருமையடித்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் தப்பான விஷயத்துக்குப் பெருமையடித்திருக்கிறேன். இனி சரியானதற்கு அடிக்கப்போகிறேன், தடுக்காதே.

பெர்னடீனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோவில் கையை நீட்டி நிற்கிற ஆறாம் எண் அவள்தான். "ஏழுன்னு அவ சொன்னது பொய்யில்லக்கா. நாங்க யாருக்கும் அந்த எடத்தக் குடுக்கல" என்றாள்.

இத்துடன் இரண்டு கடிதங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று நான் உனக்காகக் கொடுப்பது, இன்னொன்று பெர்னடீன் கொடுப்பது. டக்கோமா கிளைத் தலைவி லெனோரா பேட்டில் என்ற அம்மாள், திருமதி கெயின்ஸுக்குத் தெரிந்தவர். விலாசம் பின்பக்கம் இருக்கிறது. போய் உண்மையை நீயே சொல். பயமாக இருந்தால் பயந்துகொண்டே போ.

சங்கத்துக்காரிதான் எனக்குப் பேட்ஜ் குத்த முடியும். உன்னைத் தவிர யாரையும் குத்தவிட மாட்டேன். நீ சேரும்வரை அது பெட்டியில்தான் கிடக்கும். இப்போது அவசரம் யாருக்கு என்று யோசித்துப் பார்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சால்வை கிடையாது. பழுப்பு நிறக் கையுறைதான்.

உன்னைப் பெறாத தாய்,
ஓசெல்லா


டக்கோமா
19 நவம்பர் 1995

என் அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தேன், உண்மைதான், நலமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் ரெனீட்டாவும் எப்படி? அவளுடைய கடிதம் வந்தது. அதைப் பற்றி நேரில் பேசுகிறேன்.

லெனோரா அம்மாள் ராணுவ நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் நூலகத்தில் கிளைப் பெண்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை ரேமண்ட் காரைத் திருப்பவே மாட்டேன் என்று பேப்பர் விரித்துவிட்டார்.

இரண்டு கடிதங்களையும் மேஜையில் வைத்து, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே ஆறு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

"இரு இரு. கடையில எங்களப் பாத்தா வெங்காயத்துக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவியே, அந்த ஒசரமானவ நீதானா? நாங்க என்னமோ உனக்கு எங்களப் புடிக்கலன்னு நெனச்சோம்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன். லெனோரா அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "வெளிய எங்கயாவது எங்க பேரச் சொல்லி ஏதாவது வாங்கியிருக்கியா?" என்று கேட்டார். "இல்லீங்க. அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன்." "நிறத்தப் போட்டிருக்கியா?" "ஒரு நாள்கூட இல்லீங்க. இருபத்தொண்ணும் பெட்டியிலதான் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூடப் பொறந்தவளுக்காக வரிசைய விட்டுப் போனவள சகோதரி இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா முடிவு என் ஒருத்தியோடது இல்ல. ஓட்டுக்கு விடணும். சிலருக்கு இது ஒத்துக்காது" என்றார்.

ஜனவரியில் ஓட்டு. வேண்டாம் என்றும் சொல்லலாம். அதுவரை சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லிக்கொடுக்க வரட்டுமா என்று கேட்டேன். "நாற்காலி இருக்கு, உக்காரு" என்றார்கள்.

முடிவு எதுவானாலும் இனி வெங்காயத்துக்குப் பின்னால் போக வேண்டியதில்லை.

உன் க்ளாடெட்


மேக்கன்
4 பிப்ரவரி 1996

தங்கைக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. ஜனவரி முடிந்துவிட்டது. போன் பண்ணினால் ரேமண்ட், "அவ நூலகத்துல இருக்கா" என்கிறார். வேறு ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. சேரப்போகிறவர்கள் வெளியே பேசக்கூடாது என்று எனக்கும் தெரியும். நான் வெளியாளா?

பெர்னடீன் தினமும் கேட்கிறாள். திருமதி கெயின்ஸ் கேட்கிறார். லூசில் உன் கடிதம் வருகிறதா என்று தபால் மூட்டையைத் தானே பிரிக்கிறாள். எங்கள் கூட்டங்களில் நான் மட்டும்தான் பேட்ஜ் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். "எங்கம்மா உன் பேட்ஜு?" என்று யார் கேட்டாலும் உன் பஸ் கதையைச் சொல்கிறேன். இதுவரை பதினான்கு பேர் அழுதிருக்கிறார்கள்.

அன்றைக்குக் கேட்டதையே கேட்கிறேன். என்னடி ஆச்சு? சேத்துக்கிட்டாங்களா?

ஓசெல்லா


டக்கோமா
21 ஏப்ரல் 1996

என் அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் ரெனீட்டாவுக்கும் எங்கள் அன்பு. பதில் எழுதாமல் உன்னைத் தவிக்கவிட்டேன். வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. இந்தத் தடவை உத்தரவுப்படி நடக்க வேண்டும் என்று இருந்தேன்.

இங்கே வரிசையில் நாங்கள் நான்கு பேர், எல்லோரையும் விட உயரமான நான் கடைசி. நேற்று என் பேரைக் கூப்பிட்டதும் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தால் பெர்னடீன். உன்னிடம் பல் டாக்டர்கள் மாநாடு என்று சொல்லிவிட்டு வந்தாளாமே? அவளைத் திட்டாதே. என் பக்கத்தில் வந்து நின்று வலது கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் போட்டோ இத்துடன் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் விமானம். பேட்ஜை எடுத்துப் பளபளவென்று துடைத்து வை. கூட்டத்தில் என்னைத் தேட வேண்டாம், கத்தரிப்பூ நிறச் சால்வையோடு இறங்குகிற உயரமானவள் நான்தான். இருபத்தொன்றில் எது என்று கேட்காதே. முதலில் அனுப்பினாயே, அது.

ஆஸ்பத்திரியில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

ஆச்சு, அக்கா.

க்ளாடெட்